மெய்நிகர் நோயாளி

மெய்நிகர் நோயாளி என்பது ஒரு நோயாளியின் நிலையைக் கணினித் திரையில் படிப்படியாகக் காட்டி, அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் இடத்தில் மாணவரை நிறுத்தும் கற்பித்தல் மென்பொருள் ஆகும். மாணவர் நோயாளியிடம் கேள்விகள் கேட்கிறார், உடற்பரிசோதனைகளைத் தேர்ந்தெடுக்கிறார், ஆய்வக முடிவுகளைக் கேட்டுப் பெறுகிறார், பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார். அந்த முடிவுக்கு ஏற்ப நோயாளியின் நிலை தேறுகிறது அல்லது மோசமாகிறது. மருத்துவம், செவிலியம், மருந்தியல், கால்நடை மருத்துவம் ஆகிய படிப்புகளில் இது பயன்படுகிறது. இன்று பெரும்பாலான மெய்நிகர் நோயாளிகள் இணையத்தின் வழியே இயங்குகின்றன.

உண்மையான அல்லது உண்மையைப் போல அமைக்கப்பட்ட ஒரு நிகழ்வை முன்வைத்து, அதிலுள்ள சிக்கலைத் தீர்க்கச் செய்து கற்பிக்கும் முறை நேர்வுசார் கற்றல் எனப்படுகிறது. மெய்நிகர் நோயாளி அம்முறையின் மென்பொருள் வடிவங்களுள் ஒன்று.

தேவை

மருத்துவப் பாடநூல் நோயின் பெயரில் தொடங்கி அதன் அறிகுறிகளுக்குச் செல்கிறது. மருத்துவமனையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. நோயாளி அறிகுறிகளோடு வருகிறார். நோயின் பெயர் அவருக்கும் தெரியாது. ஆகவே தேர்வில் ஒரு நோயைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதக்கூடிய மாணவர், அதே நோயோடு ஒருவர் எதிரில் வந்து அமரும்போது அதை அடையாளம் காணத் தவறலாம்.

அறிவு இருந்தும் வேண்டிய நேரத்தில் அது உதவாமல் போகும் இந்நிலையைக் கல்வியாளர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆங்கிலேய மெய்யியலாளர் ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட், பயன்படுத்தப்படாமலும் சோதிக்கப்படாமலும் மனத்தில் தேங்கிக் கிடக்கும் செயலற்ற கருத்துகளே கல்விக்குப் பெரிய ஆபத்து என்று 1929-இல் வெளிவந்த தம் நூலில் எச்சரித்தார்.

1980-இல் மேரி கிக், கீத் ஹோலியோக் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் பங்கேற்றவர்களுக்கு ஒரு சிக்கல் தரப்பட்டது. ஒருவரின் வயிற்றில் கட்டி உள்ளது. வலிமையான கதிர்வீச்சு கட்டியை அழிக்கும், ஆனால் வழியிலுள்ள நல்ல திசுக்களையும் அழித்துவிடும். வலிமை குறைந்த கதிர் திசுக்களைக் காக்கும், ஆனால் கட்டியை அழிக்காது. என்ன செய்வது? பல திசைகளிலிருந்து வலிமை குறைந்த கதிர்களைச் செலுத்தி, அவை கட்டியில் மட்டும் ஒன்றுசேரும்படி செய்வதே தீர்வு. துணை ஏதுமின்றி இதைக் கண்டவர்கள் ஏறத்தாழ 10-இல் ஒருவர் மட்டுமே. வேறு சிலருக்கு முன்னதாக ஒரு கதை தரப்பட்டது: ஒரு தளபதி தன் படையைச் சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பல சாலைகள் வழியே அனுப்பிக் கோட்டையைப் பிடிக்கிறார். தீர்வு அக்கதையிலேயே இருந்தும், தாமாக அதைப் பொருத்திப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 10-இல் மூவர்தான். கதையைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று சொன்ன பிறகே பெரும்பாலோர் விடையைக் கண்டனர்.

நோயாளியின் அருகில் நின்று அப்படிக் குறிப்புத் தர யாரும் இருப்பதில்லை. ஆகவே எந்தப் பாடம் எந்த இடத்தில் பயன்படும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ளப் பழக வேண்டும். அதற்குப் பல நேர்வுகள் தேவை. மருத்துவமனையிலோ, மாணவர் பணியில் இருக்கும் நாட்களில் எந்த நோயாளி வருவார் என்பது தற்செயலானது. மேலும், மாணவர் தவறு செய்து கற்பதற்காக உண்மையான ஒரு நோயாளியைத் துன்பத்துக்கு உள்ளாக்க முடியாது. இவ்விரு தடைகளையும் கடக்கவே மெய்நிகர் நோயாளிகள் உருவாயின.

வரலாறு

இக்கருத்து கணினியோடு தொடங்கியதன்று. 1963-இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியைப் போல நடிக்க ஒருவருக்குப் பயிற்சி அளித்து, அவரைக் கொண்டு மாணவர்களின் திறனைச் சோதித்தார். 1969-இல் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, 20 மாணவர்களைக் கொண்ட தன் முதல் வகுப்பைத் தொடங்கியது. அங்கு விரிவுரைகளுக்கு மாற்றாக, சிறு குழுக்களாக நோயாளிச் சிக்கல்களை ஆராய்வது பாடத்திட்டத்தின் மையமானது. பின்னர் பாரோஸும் அங்கு பணியாற்றினார்.

1977-இல் பாரோஸும் ரோபின் டாம்ப்ளினும் ஒரு சீட்டுக்கட்டு வடிவத்தை வெளியிட்டனர். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்வியோ பரிசோதனையோ எழுதப்பட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் திருப்பினால் முடிவு தெரியும். இன்றைய மென்பொருளின் அடிப்படை இயக்கம் முழுவதும் அந்தச் சீட்டுக்கட்டில் இருந்தது எனலாம்.

கணினியில் இம்முயற்சி 1960-களில் தொடங்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பில், மேரியான் பிட்சர் செவிலியர் மாணவியருக்காக இதய நோயாளி பற்றிய பாடத்தை உருவாக்கினார். 1971-இல் வில்லியம் ஹார்லெஸ் குழுவினர், மாணவர் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நோயாளியாக விடை தரும் ஒரு நிரலைப் பற்றி எழுதினர்.

1990-களின் தொடக்கத்தில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷாங்க் நிறுவிய கற்றல் அறிவியல் நிறுவனம் அரிவாள்செல் சோகை பற்றிய மென்பொருள் ஒன்றை உருவாக்கியது. அது சிகாகோவின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதில் பார்வையாளரே மரபியல் ஆலோசகர். குழந்தை பெற விரும்பும் இணையர் அவரிடம் வருகின்றனர். அவர்களுடைய இரத்தத்தைப் பரிசோதித்து, பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பைக் கணித்து, அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஐயம் எழும் இடத்தில் வல்லுநரின் காணொளியைப் பார்க்கலாம். மரபியல் பாடம் முதலில் நடத்தப்படுவதில்லை. இணையருக்கு விடை சொல்ல அது தேவைப்படும்போது பார்வையாளரே அதைத் தேடிச் செல்கிறார்.

இணையம் பரவிய பின் இவ்வகை மென்பொருள்கள் பல்கலைக்கழகங்களில் பெருகின. செருமனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் காசுஸ், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் லாபிரிந்த் ஆகியவை உருவாயின. பின்னது ஓப்பன்லாபிரிந்த் என்னும் திறமூல மென்பொருளாக வளர்ந்தது. 2007 முதல் 2010 வரை நடந்த ஐரோப்பியக் கூட்டுத் திட்டம் ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் நேர்வுகளை மற்றொன்று தன் மொழிக்கும் சூழலுக்கும் ஏற்ப மாற்றிப் பயன்படுத்த வழிசெய்தது. ஒரு மென்பொருளில் எழுதிய நேர்வை வேறொன்றிலும் திறக்க உதவும் பொதுத் தரம் 2010-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

செயல்படும் விதம்

மெய்நிகர் நோயாளியில் மூன்று பகுதிகள் உண்டு.

முதலாவது, நேர்வின் தரவு. நோயாளியின் வயது, தொழில், நோய் வரலாறு, பரிசோதனை முடிவுகள், படங்கள், ஒலிகள் ஆகியவை இதில் அடங்கும். இவை ஒரே நேரத்தில் காட்டப்படுவதில்லை. மாணவர் கேட்டால் மட்டுமே கிடைக்கும்.

இரண்டாவது, வழி அமைப்பு. ஒரு திரைக் காட்சி ஒரு கணு எனப்படும். கணுக்கள் ஒரே வரிசையில் அமைந்தால் அது நேர்கோட்டு நேர்வு. மாணவர் என்ன முடிவெடுத்தாலும் கதை ஒரே திசையில் செல்லும். முடிவுக்கு ஏற்ப வழிகள் பிரிந்தால் அது கிளைவழி நேர்வு. கிளைவழி நேர்வு உண்மைக்கு அருகில் இருக்கும். ஆனால் எழுதுவது கடினம். ஒவ்வொரு கட்டத்திலும் 3 தேர்வுகள் இருந்து, கிளைகள் மீண்டும் இணையாமல் போனால், 4 கட்டங்களிலேயே 81 முடிவுகள் எழுத வேண்டியிருக்கும். ஆகவே கிளைகள் பிரிந்து, சில கணுக்களுக்குப் பின் மீண்டும் ஒன்றுசேரும்படி அமைப்பதே வழக்கம்.

மூன்றாவது, பின்னூட்டம். மாணவர் எந்த வரிசையில் என்னென்ன கேட்டார், எதைத் தவிர்த்தார் என்பதை மென்பொருள் பதிவு செய்கிறது. நேர்வு முடிந்ததும் அந்தத் தடத்தை வல்லுநரின் தடத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

டெங்குக் காய்ச்சல் பற்றிய ஒரு நேர்வு பின்வருமாறு அமையலாம். 24 வயதுப் பெண் ஒருவர் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். 4 நாட்களாகக் காய்ச்சல் இருந்தது. இன்று காலை இறங்கிவிட்டது. "காய்ச்சல் விட்டுவிட்டது டாக்டர், வயிறுதான் வலிக்கிறது" என்கிறார். திரையில் இவ்வளவே தெரியும்.

வாந்தி உண்டா என்று மாணவர் கேட்டால், காலையிலிருந்து பலமுறை எடுத்ததாகத் தெரியவரும். கேட்காவிட்டால் தெரியாது. இரத்தப் பரிசோதனை கேட்டால், தட்டணுக்கள் 60,000 என்றும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமாடோக்ரிட் அளவு 44 விழுக்காடு என்றும் வரும். 44 என்பது தனியாகப் பார்த்தால் அச்சுறுத்தும் எண் அன்று. முன்பு எங்காவது பரிசோதனை செய்தீர்களா என்று கேட்பவருக்கு மட்டும், இரண்டு நாட்களுக்கு முன் அது 36 ஆக இருந்தது தெரியவரும். அதாவது 5-இல் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது.

இப்போது மாணவர் முடிவெடுக்க வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, மூன்று நாள் கழித்து வரச் சொல்லலாம். தட்டணுக்களை ஏற்றலாம். மருத்துவமனையில் சேர்த்து, அளவாக நீர்மம் ஏற்றி, இரத்த அழுத்தத்தையும் ஹிமாடோக்ரிட்டையும் அடிக்கடி கண்காணிக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பினால், தவறு என்ற சொல் திரையில் வராது. அடுத்த கணு மறுநாள் காலையில் திறக்கும். அப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கைகால்கள் குளிர்ந்துள்ளன, நாடி மெலிந்து வேகமாக ஓடுகிறது, இரத்த அழுத்தம் 100/85. மேல் எண் ஓரளவு சரியாக இருப்பதைப் பார்த்து இங்கும் மாணவர் ஏமாறலாம். இரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 15 ஆகச் சுருங்கியிருப்பதே அதிர்ச்சி நிலையின் அடையாளம்.

இதன்பிறகே விளக்கம் வருகிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கக்கூடும். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிவதால், எஞ்சிய இரத்தம் கெட்டியாகி ஹிமாடோக்ரிட் உயர்கிறது. வயிற்று வலியும் தொடர்ந்த வாந்தியும் எச்சரிக்கை அறிகுறிகள். இரத்தக்கசிவு இல்லாதபோது, எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணுக்களை ஏற்றுவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அளவுக்கு மீறிய நீர்மமும் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்த்து ஆபத்தை உண்டாக்கும்.

இச்செய்திகள் எல்லாம் பாடநூலிலும் உள்ளவை. ஆனால் காய்ச்சல் இறங்கினால் நோய் தீர்ந்தது என்று எண்ணி ஒருமுறை அப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாணவர், அதே வரியைப் படிக்கும் விதம் வேறாக இருக்கும்.

விடையைத் தாமதித்தல்

மேற்கண்ட நேர்வில் படமோ ஒலியோ தேவைப்படவில்லை. கற்றலுக்கு அடிப்படையாக இருப்பது, மாணவர் முடிவெடுக்கும் வரை விடை மறைக்கப்பட்டிருப்பதுதான். நோயின் பெயரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டால், அழகிய காணொளிகள் இருந்தாலும் அது மற்றொரு பாடப்பக்கமாகிவிடும். அவ்வாறே, தவறான தேர்வை அழுத்திய உடனே திருத்தும் மென்பொருளும் மாணவரைப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கவே பழக்குகிறது.

தேர்வுப் பட்டியலும் விடையைக் காட்டிக்கொடுக்கலாம். நான்கு நோய்களின் பெயர்களைத் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நினைவுக்கு வராத பெயரும் கண்ணில் பட்டுவிடும். இதைத் தவிர்க்கச் சில மென்பொருள்களில் நீண்ட பட்டியல் முறை கையாளப்படுகிறது. மாணவர் முதல் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்தால்தான் பொருந்தும் பெயர்கள் தோன்றும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் படியில் 1999 முதல் இடம்பெறும் கணினி நேர்வுகளும் இவ்வாறானவையே. அங்கு பட்டியல் காட்டப்படுவதில்லை. தேர்வர் தாமே உத்தரவுகளைத் தட்டச்சு செய்து, நேரத்தை நகர்த்தி, விளைவைப் பார்க்க வேண்டும்.

ஆய்வு முடிவுகள்

2010-இல் டேவிட் குக் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மெய்நிகர் நோயாளிகள் வழியே கற்றவர்கள், எவ்விதப் பயிற்சியும் பெறாதவர்களைவிட மிக முன்னேறியிருந்தனர். ஆனால் வேறு முறைகளில் கற்றவர்களோடு ஒப்பிட்டபோது வேறுபாடு சிறிதாகவே இருந்தது. 2019-இல் ஆந்த்ஸே கொனோனோவிச் குழுவினர் 4,696 பேர் பங்கேற்ற 51 ஆய்வுகளைத் தொகுத்தனர். மரபுவழிக் கற்பித்தலோடு ஒப்பிடுகையில் அறிவைப் பெறுவதில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவும், திறன்களைப் பெறுவதில் மெய்நிகர் நோயாளிகள் மேலாகவும் இருந்தன.

செய்திகளைக் கற்பிக்கப் பாடநூலே போதும் என்பதும், முடிவெடுக்கப் பழகுவதற்கே இம்மென்பொருள் பொருத்தமானது என்பதும் இவற்றிலிருந்து விளங்குகின்றன.

ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகியோர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு உண்மையைச் சொல்கிறது. ஒரு நேர்வைச் சிறப்பாகத் தீர்த்த மருத்துவர் அடுத்த நேர்வையும் அவ்வாறே தீர்ப்பார் என்று சொல்ல முடியாது. சிக்கல் தீர்க்கும் திறன் என்பது எங்கும் பொருந்தும் ஒற்றைத் திறன் அன்று; அந்தந்த நோய் பற்றிய அறிவோடு பிணைந்தது. ஆகவே, பெரும் செலவில் செய்த ஒரே நேர்வைவிட, எளிமையான பல நேர்வுகள் மாணவருக்குக் கூடுதல் பயன் தரும்.

வரம்புகள்

வயிற்றை அழுத்திப் பார்த்துக் கல்லீரல் வீக்கத்தை உணர்வதையோ, பயந்திருக்கும் நோயாளியைப் பேச வைப்பதையோ திரை கற்றுத்தராது. மெய்நிகர் நோயாளி மருத்துவமனைப் பயிற்சிக்கு மாற்று அன்று, அதற்கான ஆயத்தம்.

மதிப்பெண் வழங்கும் முறையிலும் சிக்கல் உண்டு. 1960-களில் அமெரிக்கத் தேர்வுகளில், மை பூசி மறைத்த விடைகளை அழித்துப் பார்க்கும் காகித நேர்வுகள் இருந்தன. அவற்றில் எல்லாவற்றையும் கேட்டவர் கூடுதல் மதிப்பெண் பெற்றார். தேவையானதை மட்டும் கேட்டு விரைவாக முடிவுக்கு வந்த வல்லுநர் பின்தங்கினார். எல்லாப் பொத்தான்களையும் அழுத்துவோருக்கு மதிப்பெண் தரும் மென்பொருள் அதே தவற்றை மீண்டும் செய்கிறது.

செலவும் ஒரு தடை. அமெரிக்க, கனடிய மருத்துவப் பள்ளிகளைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான மெய்நிகர் நோயாளிகளுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானதும், அவற்றை உருவாக்கச் சராசரியாக ஓராண்டுக்கு மேல் ஆனதும் தெரியவந்தது.

அண்மைக் காலத்தில் பெரும் மொழி மாதிரிகளைக் கொண்டு, மாணவர் இயல்பாகப் பேசக்கூடிய நோயாளிகள் உருவாக்கப்படுகின்றன. இவை எழுதும் உழைப்பைக் குறைக்கின்றன. ஆனால் நேர்வில் இல்லாத அறிகுறியை நோயாளி தானாகச் சேர்த்துச் சொல்லிவிடக்கூடும். அது மாணவரைத் தவறான நோய்க்கு இட்டுச்செல்லும். ஆகவே ஆசிரியரின் சரிபார்ப்பு இவற்றுக்கும் தேவைப்படுகிறது.

நேர்வை உருவாக்குதல்

எளிய நேர்வு ஒன்றை எழுத நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2009-இல் கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்ட ட்வைன் என்னும் திறமூல மென்பொருளில் கணுக்களை எழுதி அம்புக்குறிகளால் இணைக்கலாம். மூடுல் கற்றல் தளத்தின் பாடக் கூறும், எச்5பி கருவியின் கிளைவழிக் காட்சிகளும் இதற்கு உதவுகின்றன.

நேர்வை எழுதுவோர் முதலில் மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் எது என்பதைக் கண்டறிய வேண்டும். டெங்கு நேர்வில் அது காய்ச்சல் இறங்கியதை நலமாக எண்ணுவது. அந்த இடத்தை நோக்கியே கதை அமைய வேண்டும். மற்ற இடங்களில் கிளைகள் தேவையில்லை. உண்மையான நோயாளியின் தரவைப் பயன்படுத்தினால், அவருடைய இசைவைப் பெறுவதும் அடையாளங்களை நீக்குவதும் கட்டாயம்.

நேர்வு முடிந்தபின் வகுப்பில் நடக்கும் கலந்துரையாடலும் அதன் பகுதியே. ஏன் வீட்டுக்கு அனுப்பினீர்கள், அப்போது எந்தத் தகவல் உங்களிடம் இல்லை, அதைக் கேட்க ஏன் தோன்றவில்லை என்று ஆசிரியர் கேட்கிறார். மாணவர் எங்கே தவறினார் என்பதை மென்பொருளின் பதிவு காட்டும். ஏன் தவறினார் என்பது இந்த உரையாடலில்தான் வெளிப்படுகிறது.